எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கக் கடைக்குப் போகும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் முதல் எலெக்ட்ரிக் கிட்டாரை வாங்கப் போனபோது துணைக்கு வர ஆள் இல்லை, அதற்கான தண்டத்தையும் கட்டினேன் (கதை கீழே). அதற்கப்புறம் தெரிந்தவர்கள் யார் வாங்கப் போனாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போகிற வழியில் ஆட்டோவில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். நான் பார்த்ததெல்லாம் சென்னைக் கடைகள், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

எனக்கு இன்னும் வாசிக்கவே தெரியாது. கடையில் எதை வாசித்துப் பார்ப்பது?

இந்தக் கூச்சத்தினாலேயே பலர் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் போகும் நேரத்தில்தான் மூலையில் ஒரு பையன் உட்கார்ந்து கை தெரியாத வேகத்தில் வாசித்துக்கொண்டிருப்பான், அவன் எதிரில் போய் டொய்ங் என்று ஒரு தந்தியைத் தட்ட யாருக்குத்தான் மனசு வரும்?

ஆனால் கிட்டாரைச் சோதிக்க வாசிக்கத் தெரிய வேண்டியதே இல்லை. தந்தி ஆறு, ஃப்ரெட் (நெக் என்னும் நீண்ட கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி, தலைப் பக்கத்திலிருந்து எண்ணுவது) பெரும்பாலும் 22, ஆக மொத்தம் 132 இடம். ஒவ்வொன்றாக அழுத்தி ஒரு தட்டு தட்டுங்கள். எங்கேயாவது 'ஸ்ஸ்ர்ர்' என்று உரசுகிறதா, எங்கேயாவது சத்தம் பிறந்த உடனே செத்துப்போகிறதா, அவ்வளவுதான் கேட்க வேண்டியது. நிதானமாகச் செய்தாலும் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். மூலையில் இருக்கும் அந்தப் பையனும் தன் கிட்டாரை வாங்கும்போது இதைச் செய்திருந்தால் நல்லது, பெரும்பாலும் செய்திருக்க மாட்டான்.

ஒன்று மட்டும் வேண்டாம்: "நீங்களே வாசிச்சுக் காட்டுங்கண்ணா" என்று கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பது. பத்து வருடம் வாசித்த கைக்கு எந்தக் கிட்டாரும் நன்றாகத்தான் பேசும். அவர் வாசிப்பதைக் கேட்டால் அவரைப் பற்றித்தான் தெரியும், கிட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கடையில் எடுத்து வாசிக்க விடுவார்களா?

பெரும்பாலும் விடுவார்கள். சுவரில் தொங்குவதை நீங்களாக எடுக்காமல் "அண்ணா, அதை எடுத்துப் பார்க்கலாமா, ஆம்ப்ல போட்டுத் தருவீங்களா" என்று கேட்டுவிடுங்கள் (ஆம்ப் என்பது கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி). வார நாளில், காலை 11 மணி வாக்கில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் கீபோர்டு வகுப்புப் பிள்ளைகள், உக்குலேலே வாங்க வந்த கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவில் உங்கள் தந்தி உரசுவது உங்களுக்கே கேட்காது.

பெல்ட்டின் இரும்பு பக்கிள், சட்டைப் பித்தான், கையில் காப்பு, இவையெல்லாம் கிட்டாரின் முதுகில் கீறல் போடும். கீறினால் பேச்சு வேறு மாதிரி போகும், கவனம். கைக்குட்டை ஒன்றும் போனில் சுருதி காட்டும் ஒரு டியூனர் ஆப்பும் எடுத்துப் போங்கள், இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

ஆன்லைனில் விலை குறைவாக இருக்கிறதே, பிறகு எதற்குக் கடை?

ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு கிட்டார்கூட ஒன்றுபோல் இருக்காது. விலை குறைந்தவற்றில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம், ஏனென்றால் ஃப்ரெட்டைச் சமன் செய்வது, நட்டில் (தலைப் பக்கம் தந்திகள் உட்காரும் சின்னத் துண்டு) பள்ளம் வெட்டுவது போன்ற கைவேலையில்தான் கம்பெனிகள் நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். வரிசையாகத் தொங்கும் மூன்றில் ஒன்று கைக்குப் பாந்தமாக உட்காரும், பக்கத்தில் இருப்பது கட்டை மாதிரி இருக்கும். படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆன்லைன் விலையைப் பேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு நன்றாகவே உதவும்.

சென்னையில் எங்கே போவது? சின்ன ஊரில் இருப்பவர்கள்?

எல்லாருக்கும் தெரிந்த இடம் அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிக்கல். 1842-இல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கிய கடை, பியானோ காலத்து ஆள். வாங்காவிட்டாலும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கலாம். அது தவிர நகரத்தில் ஆங்காங்கே கடைகள் இருக்கின்றன, ஒரே நாளில் மூன்றுக்கு மேல் ஏறாதீர்கள், காது களைத்துவிடும். அப்புறம் கேபிள், ஜாக், சால்டரிங் சாமான் எல்லாம் அண்ணா சாலையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவில் கிடைக்கும்.

சின்ன ஊர்க் கடைகளில் எலெக்ட்ரிக் மூன்றோ நான்கோதான் தொங்கும், மற்றதை "வரவழைச்சுத் தர்றோம்" என்பார்கள். வரவழைக்கட்டும், ஆனால் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காமல் "வந்ததும் வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் எடுப்பேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்ச்சில் வாசிக்கிற கிட்டாரிஸ்ட் யாராவது பழக்கமிருந்தால் கூட்டிப் போங்கள். நம் ஊர்களில் எலெக்ட்ரிக் கிட்டாரை வாராவாரம் கையில் எடுக்கிறவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான் என்பது என் கணக்கு.

எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

கையில் 25 ஆயிரம் இருந்தால் 25 ஆயிரத்துக்கும் கிட்டார் வாங்கிவிடாதீர்கள். ஆம்ப், கேபிள், தோளில் மாட்டும் பட்டை, பை, ஒரு செட் தந்தி, செட்டப் (தந்தியின் உயரம், சுருதி எல்லாம் சரிசெய்யும் வேலை) கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். பெயர் தெரிந்த கம்பெனிகளின் அடிமட்ட மாடல்கள் போதும்: யமாஹா பசிஃபிகா, ஸ்குவையர், எபிஃபோன், ஐபனேஸின் ஜியோ வரிசை, கோர்ட். ஸ்குவையர் அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியுடையது, 1982-இல் ஜப்பானில் செய்யத் தொடங்கியது. எபிஃபோனை 1957-இல் இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான கிப்சனின் தாய் நிறுவனம் வாங்கியது. அதனால் ஃபெண்டர், கிப்சன் வடிவங்களை உரிமையோடு செய்கிறவர்கள் இவர்கள்தான், 'காப்பி' என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம்.

கிவ்சன் என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். அது கல்கத்தாக் கம்பெனி, அமெரிக்க கிப்சனோடு சம்பந்தம் கிடையாது. நம் நாட்டில் எத்தனையோ பேர் அதில்தான் விரலைப் புண்ணாக்கிக் கற்றுக்கொண்டார்கள், ஆகவே கேலி வேண்டாம். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி.

ஸ்ட்ராட் வடிவமா, லெஸ் பால் வடிவமா?

கிப்சனின் லெஸ் பால் 1952-இல் வந்தது, ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) 1954-இல். எழுபது வருடமாக ஊரே இந்த இரண்டையும் வைத்துத்தான் சண்டை போடுகிறது. கடையில் உங்களுக்குத் தெரியப்போகும் வித்தியாசம் மூன்று. ஒன்று எடை: லெஸ் பால் பெரும்பாலும் கனமாக இருக்கும், அரை மணி நேரம் பட்டையில் மாட்டி நின்றால் தோள் சொல்லிவிடும். இரண்டாவது நீளம்: ஃபெண்டர் வகையில் தந்தி அதிரும் நீளம் 25.5 அங்குலம், கிப்சன் வகையில் 24.75. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும், ஆனால் அதே தந்தியை அதே சுருதிக்கு ஏற்றினால் குட்டை நெக்கில் கொஞ்சம் தளர்வாக இருக்கும், வளைக்க எளிது. சின்னக் கை உள்ளவர்கள் இரண்டையும் மடியில் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். மூன்றாவது பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் காந்தம்), அது கீழே வருகிறது.

நின்றுகொண்டும் பாருங்கள். உட்கார்ந்து பார்த்தபோது அருமையாக இருந்த சில கிட்டார்கள் எழுந்ததும் தலைப் பக்கம் கனத்துக் கீழே சரியும்.

கையில் எடுத்ததும் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

ஆம்பில் போடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். தச்சர் ரீப்பர் கட்டையை வாங்கும்போது ஒரு கண்ணை மூடி அதன் நீளவாக்கில் பார்ப்பார், கவனித்திருக்கிறீர்களா? அதே மாதிரி கிட்டாரின் உடல் பக்கத்திலிருந்து நெக்கை நீளவாக்கில் பாருங்கள். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி ஓட வேண்டும். ஒரு ஓரம் மட்டும் ஏறி இறங்கினால் நெக் முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம், அதற்கு வைத்தியம் கிடையாது, அப்படியே மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

முறுக்கு வேறு, வளைவு வேறு. நெக்கில் மிகச் சின்னக் குழிவு இருந்தே ஆக வேண்டும். ஆறாவது தந்தியை (தடித்தது) முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு (கை எட்டாது, கூட வந்தவரைப் பிடிக்கச் சொல்லுங்கள்) நடுவில் ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டில் பாருங்கள். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் போல இடைவெளி இருந்தால் சரி. ஒரு சாதாரண விசிட்டிங் கார்டு நுழையுமா நுழையாதா என்ற அளவு. இடைவெளியே இல்லை அல்லது கார்டு தாராளமாகப் போய்வருகிறது என்றாலும் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். கடையிலேயே செய்யச் சொல்லுங்கள். அந்தத் திருகாணி திரும்புகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது கைக்குட்டை. நெக்கின் இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக அதை லேசாக இழுத்துக்கொண்டு போங்கள். நூல் மாட்டிக்கொள்ளும் இடமெல்லாம் நாளைக்கு உங்கள் உள்ளங்கையைக் கீறப்போகும் ஃப்ரெட் முனைகள். மரம் காய்ந்து சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் முனை வெளியே நீட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு என்றால் அரத்தால் தேய்த்துவிடலாம், வரிசை முழுக்க மாட்டினால் வேண்டாம்.

பிறகு, ஃப்ரெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம். 12-ஆவது ஃப்ரெட்டில் தடித்த தந்தி சுமார் 2 மில்லிமீட்டர், மெல்லியது 1.5 என்ற அளவில் நின்றால் விரலுக்குச் சுகம். கடையில் தொங்குவது பெரும்பாலும் இதைவிட உயரமாகத்தான் இருக்கும், ஏனென்றால் உரசல் சத்தம் வந்தால் வாங்க வந்தவர் ஓடிவிடுவார் என்று ஏற்றி வைத்திருப்பார்கள். இறக்கித் தரச் சொல்லி, அதற்குப் பிறகு அந்த 132 இடத்தையும் தட்டுங்கள். இறக்குவதற்கு முன் தட்டிப் பிரயோஜனமில்லை.

கடைசியாக, ஒன்றாவது தந்தியை (மெல்லியது) 15-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி மேல்நோக்கி நன்றாக வளையுங்கள். வளைக்க வளைக்கச் சுருதி ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவழியில் கழுத்தைப் பிடித்தது போல் அடங்கினால் அங்கே ஏதோ ஒரு ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. என் முதல் கிட்டாரில் நான் பார்க்காமல் விட்டது இதைத்தான்.

அந்தக் கதை என்ன?

ஒரு கடையில் சுவரில் தொங்கிய கறுப்புக் கிட்டாரை நாற்பது நிமிடம் வாசித்தேன். மனசுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பில் போடும் நேரத்தில் கடைக்காரர், "தம்பி, இது டிஸ்பிளே பீஸ், நூறு பேர் தொட்டது. உங்களுக்குச் சீல் பிரிக்காத புதுசு தர்றேன்" என்றார். எனக்கோ ஏகப்பட்ட சந்தோஷம். பெட்டியோடு பஸ்ஸில் வந்தேன், வீட்டில் பிரித்தேன், சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம்கூட வைத்தாயிற்று. வாசித்தால் 14-க்கு மேல் தந்தியை வளைக்கிற இடமெல்லாம் ஊமை. மறுநாள் எடுத்துப் போனேன். "பேக்கிங் பிரிச்சிட்டீங்களே" என்றார்கள். ஃப்ரெட்டைத் தேய்த்துச் சமன் செய்ய வெளியே ஒருவரிடம் தனியாகக் காசு கொடுத்தேன். கடைக்காரர் ஏமாற்றினார் என்று இன்றைக்கும் நினைக்கவில்லை, அவர் கண்ணில் இரண்டும் ஒரே சாமான்தான்.

அதனால் நீங்கள் எதை வாசித்தீர்களோ அதையே வாங்குங்கள். புதுப் பெட்டி பீஸ்தான் தருவேன் என்றால் பெட்டியை உங்கள் முன்னால் பிரித்து, மேலே சொன்ன அத்தனையையும் அதிலும் செய்துவிட்டுப் பணம் கொடுங்கள். சுவரில் தொங்கியதையே எடுத்தால் டிஸ்பிளே பீஸ் என்பதற்காகக் கொஞ்சம் விலையும் குறையும், யோசித்துப் பார்த்தால் லாபம்தான்.

ஆம்பில் போட்டதும் 'ம்ம்ம்' என்று இரைகிறதே, பழுதா?

ஸ்ட்ராட் வகையில் இருப்பது சிங்கிள் காயில் பிக்கப். காந்தத்தைச் சுற்றி ஒரே ஒரு கம்பிச் சுருள். தந்தியின் அதிர்வைப் பிடிப்பது போலவே சுவரில் ஓடும் மின்சாரத்தையும் பிடித்துவிடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த இரைச்சல்தான் அது. (அமெரிக்க வீடியோக்களில் 60 என்பார்கள், அவர்கள் ஊரில் அப்படி.) இதற்காகவே 1955 வாக்கில் கிப்சனில் சேத் லவர் என்ற பொறியாளர் இரண்டு சுருளை எதிரெதிராகச் சேர்த்து, இரைச்சலை இரைச்சலாலேயே அடிக்கும் ஹம்பக்கரைச் செய்தார். லெஸ் பால் வகையில் இருப்பது அது. சத்தம் தடிமனாக இருக்கும், இரைச்சல் குறைவு.

எனவே சிங்கிள் காயிலில் லேசான இரைச்சல் பழுதல்ல. தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா என்று பாருங்கள், குறைய வேண்டும். தொட்டால் கூடுகிறது அல்லது விரலில் சுரீர் என்கிறது என்றால் உடனே கையை எடுத்துவிடுங்கள், அது எர்த் பிரச்சினை, விளையாட்டல்ல. வீட்டிலும் ஆம்பின் மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகி வாசிக்காதீர்கள்.

மற்றது எளிது. ஸ்விட்சின் எல்லா நிலையிலும் சத்தம் வருகிறதா, குமிழ்களைத் திருகும்போது 'கரகர' வருகிறதா, கேபிள் செருகிய இடத்தை லேசாக ஆட்டினால் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா. இவற்றை முதலில் டிஸ்டார்ஷன் (ராக் இசையின் கரடுமுரடான சத்தம்) இல்லாத சுத்தமான சத்தத்தில் கேளுங்கள். டிஸ்டார்ஷன் எல்லாக் குறையையும் மூடிவிடும், நல்லெண்ணெயில் தாளித்த பழைய குழம்பு மாதிரி. இன்னொன்று, கடையில் இருக்கும் பெரிய ஆம்பில் எல்லாமே கம்பீரமாகத்தான் கேட்கும், நீங்கள் வாங்கப்போகும் ஆம்ப் எதுவோ அதிலேயே போடச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு எந்த ஆம்ப்?

10 முதல் 20 வாட் வரை தாராளம், பக்கத்து வீட்டுக்காரர் அதையே அதிகம் என்பார். ஹெட்போன் துளை கட்டாயம் இருக்கட்டும். வால்வு ஆம்ப் (கண்ணாடி வால்வு போட்ட பழைய பாணி) இப்போது வேண்டாம். வீட்டு ஸ்பீக்கரில் நேரடியாகச் செருகலாமா என்று கேட்பார்கள்: நடுவில் ஒன்றும் இல்லாமல் செருகினால் உயிரில்லாத சத்தம்தான் வரும்.

ஃபிளாய்ட் ரோஸ் வைத்தது சூப்பராக இருக்கிறதே?

இருக்கிறது. அது பிடியை ஆட்டிச் சுருதியை ஏற்றி இறக்கும் ஒரு வகை பிரிட்ஜ் (தந்திகள் உடலில் தங்கும் பகுதி). ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகும், தந்தி மாற்ற ஆலன் சாவி வேண்டும், மாற்றி முடிக்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். இரண்டாவது கிட்டாராக வாங்கிக்கொள்ளுங்கள்.

'இந்தியன் லாரல்' விரல்பலகை என்று போட்டிருக்கிறது. மட்டமான மரமா?

அது நம் கருமருதுதான். முன்பெல்லாம் அந்த இடத்தில் ரோஸ்வுட் இருக்கும், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்கள். 2017-இல் ரோஸ்வுட் இனம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததும் கம்பெனிகள் வேறு மரம் தேடின. 2019-இல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு வந்தது, ஆனாலும் விலை குறைந்த கிட்டார்களில் கருமருது அப்படியே தங்கிவிட்டது. வாசிக்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. நிறம் கொஞ்சம் வெளிறி இருக்கும், அவ்வளவுதான்.

கர்நாடக சங்கீதம் வாசிக்க எலெக்ட்ரிக் சரிப்படுமா?

நன்றாகவே. ஆர். பிரசன்னா வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள், சந்தேகம் போய்விடும். மாண்டலினையே எலெக்ட்ரிக்காக்கி யு. ஸ்ரீநிவாஸ் செய்ததும் நமக்குத் தெரியும். கமகத்துக்குத் தந்தியை இழுக்கவும் வழுக்கவும் வேண்டும், அதற்கு அகௌஸ்டிக்கைவிட எலெக்ட்ரிக் எளிது. வீணையில் 24 மெட்டு, சில கிட்டார்களிலும் 24 ஃப்ரெட் உண்டு, ஆனால் வீணை மெட்டின் உயரம் கிட்டாரில் இருக்காது. ஆகவே 9-42 (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் 9 முதல் 42 பங்கு) போன்ற மெல்லிய தந்தி, கொஞ்சம் உயரமான ஃப்ரெட், 15-ஆவது ஃப்ரெட்டில் செய்த அந்த வளைக்கும் சோதனையை எல்லா இடத்திலும் செய்வது, இந்த மூன்றையும் கூடுதலாகக் கவனியுங்கள்.

இடதுகைக்காரர் என்ன செய்ய?

கடையில் தொங்குவது அபூர்வம், வரவழைக்கத்தான் வேண்டும். வலதுகைக் கிட்டாரைத் திருப்பித் தந்தி மாற்றித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக, சோதனைகள் அதேதான். கூடுதலாக ஃப்ரெட்டில் தந்தி பதிந்து பள்ளம் விழுந்திருக்கிறதா என்று முதல் மூன்று ஃப்ரெட்டைப் பாருங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளிலிருந்து வருவதில் பிரிட்ஜ் திருகுகள் துருவேறி இறுகிப்போயிருக்கும், ஒன்றையாவது திருப்பிப் பார்க்கவும். 'ஒரிஜினல் கிப்சன், அவசரத்துக்கு விற்கிறேன்' என்று யாராவது வந்தால் தலைப் பகுதியில் ட்ரஸ் ராட்டை மூடியிருக்கும் சின்னத் தகட்டைப் பாருங்கள். உண்மையான லெஸ் பாலில் அதில் இரண்டு திருகுதான், மூன்று இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

பேரம் பேசலாமா?

விலையில் ஓரளவுக்கு மேல் இறங்க மாட்டார்கள். பொருளாகக் கேளுங்கள்: பஞ்சு வைத்த பை, கேபிள், ஒரு செட் தந்தி. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இலவச செட்டப். "புதுத் தந்தி போட்டு, உயரம் இறக்கி, 12-ஆவது ஃப்ரெட்டில் சுருதி சரிபார்த்துக் கொடுங்க, நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள், பாதிக் கடைகள் சம்மதிக்கும். எடுக்கும்போது டியூனர் ஆப்பைத் திறந்து ஒவ்வொரு தந்தியையும் வெறுமனேயும் 12-இல் அழுத்தியும் தட்டுங்கள், இரண்டும் ஒரே சுரத்தைக் காட்ட வேண்டும். பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள், வாரண்டி சீட்டில் கடை முத்திரையும் இருக்கட்டும்.

வாங்கி வந்த மாதமே தந்தி கறுத்துவிட்டதே?

சென்னைக் காற்றும் நம் வியர்வையும் சேர்ந்தால் அப்படித்தான். தரம் குறைந்தது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் தந்தியின் மேலும் அடியிலும் துடைத்துப் பைக்குள் வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் நாலைந்தைப் பையின் மூலையில் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.